வாய்க்கால் மூடியிருக்கும் நாட்கள்

கோர்ட் உத்தரவில் வாய்க்கால் வந்து பார்த்திருக்கிறீர்களா? நிலத் தகராறு என்றால் வரும். வரப்பு, வடிகால், நீர்வரத்து எல்லாம் வரும். நான் சொல்வது நிலத் தகராறு இல்லை. ஒரு பெண் குழந்தை எந்த நாளில் அப்பாவிடம் இருக்க வேண்டும், எந்த நாளில் அம்மாவிடம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்த உத்தரவு. அதில் எங்கள் நரியன் வாய்க்கால் பெயரோடு இருந்தது. நான் என் கண்ணால் படித்தேன்.

படித்ததோடு விட்டிருக்கலாம். விட முடியவில்லை. என் வீட்டுக்காரர் இருந்தவரை, "அடுத்தவன் வீட்டு விஷயத்துல மூக்க நுழைக்கலன்னா உனக்குச் சோறு எறங்காது செந்தாமர" என்பார். உண்மைதான். ஆனால் இது அடுத்தவன் வீட்டு விஷயம் மட்டுமா? என் வயல் அந்த வாய்க்காலின் கடைமடையில், தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடத்தில் இருக்கிறது. அந்த வாய்க்கால் திறந்தால் என் சாப்பாடு, மூடினால் என் கவலை. அதே வாய்க்கால் மூடினால்தான் ஒரு மனுஷனுக்குத் தன் பிள்ளையைப் பார்க்கக் கிடைக்கும் என்றால், அதைத் தெரிந்துகொள்ளாமல் எப்படி இருப்பது?

அந்த மனுஷன் பெயர் வைரக்கண்ணு. எங்கள் வாய்க்காலுக்கு லஸ்கர். அரசாங்கச் சம்பளத்தில் மதகைத் திறந்து மூடி, கரையைக் காவல் காக்கும் ஆளுக்கு இந்தப் பக்கம் அந்தப் பெயர். வயது நாற்பதுக்குள்தான். தாத்தா பெயரை வைத்ததால் பெயரைக் கேட்பவர்கள் கிழவர் என்று நினைத்துக்கொள்வார்கள். இவன் அப்பாவும் லஸ்கர். வேலையில் இருக்கும்போதே கரையில் பாம்பு கடித்துப் போய்ச் சேர்ந்தார். கருணை அடிப்படையில் அந்த வேலை இவனுக்கு வந்தது. பூதலூரிலிருந்து எங்கள் ஊருக்கு வரும் சாலை வாய்க்காலைத் தாண்டும் இடத்தில்தான் தலைமதகு. அதற்குப் பக்கத்திலேயே ஓட்டு வீடு.

இவனைப் போல ஒரு ஆளை நான் பார்த்ததில்லை. மேலே இருந்து உத்தரவு வந்தால் ஷட்டரைத் தூக்குவான், உத்தரவு வந்தால் இறக்குவான். இடையில் சாமியே வந்து கேட்டாலும் ஒரு விரற்கடை அசைக்க மாட்டான். தலைமடைப் பெரிய பண்ணைக்காரர்கள் நைச்சியமாகப் பேசிப் பார்த்தார்கள், மிரட்டிப் பார்த்தார்கள். "ஏ.ஈ. இன்ஜினியரு சொன்னா தூக்கிடறேன்ங்க" என்பான். குரலை உயர்த்த மாட்டான், சிரிக்கவும் மாட்டான். ஒரு சம்பா பருவத்தில் என் நடவு வயல் வெடிக்க ஆரம்பித்தபோது நானே போய்க் கத்தினேன். "நீ மனுஷனா மரக்கட்டையா? ஒரு மணி நேரம் தூக்கினா ஒன் குடியா முழுகிடும்?" என்றேன்.

"நம்ம முறை நாளைக்கு வருதுக்கா. நாளைக்கு வந்துடும்" என்றான்.

மறுநாள் விடிந்ததும் போய்ப் பார்க்கிறேன், என் வயலில் தண்ணீர் நிற்கிறது. தலைமடையில் யாரும் மறித்துக்கொள்ளாமல் கரையோடு கூடவே நடந்து வந்து கடைமடை வரை சேர்த்திருக்கிறான். அப்படிப்பட்டவனை எவ்வளவு நேரம் திட்டிக்கொண்டிருப்பது? எனக்கும் கோபம் வந்த வேகத்தில் போய்விடும்.

அவன் பெண்டாட்டி வானதி. பூதலூர்ப் பெண். இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டர் வேலை. கலகலவென்று பேசுவாள். இரண்டு பேருக்கும் பொருத்தமே இல்லை என்று ஊரில் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. பேசுகிற ஆளுக்குக் கேட்கிற ஆள் வேண்டாமா? ஒரே மகள், பிரகதாம்பாள் என்று அம்மன் பெயர் வைத்துப் பிரகதா என்று கூப்பிட்டார்கள்.

பிரிந்ததும் தண்ணீரால்தான். மேட்டூரில் தண்ணீர் குறைந்த வருஷம் அது. ஒரு வாரம் திறப்பு, ஒரு வாரம் மூடல் என்று முறை வைத்துத்தான் விட்டார்கள். வானதியின் அப்பாவுக்கும் எங்கள் வாய்க்கால் பாசனத்தில் நிலம் உண்டு. கடன் வாங்கி விதை விட்ட நாற்றங்கால் காய்ந்துகொண்டிருந்தது. மாமனார் மதகுக்கே வந்து மருமகனிடம் கேட்டார். கிடைக்கவில்லை. வானதி வீட்டில் கேட்டாள். அழுது கேட்டாள். "முறை வரல" என்ற ஒரே வார்த்தைதான். நாற்றங்கால் கருகிப்போயிற்று. மாமனார் அந்த வருஷம் நடவே செய்யவில்லை. வானதி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். அன்று ஷட்டரைத் தூக்கியிருந்தால், அடுத்த முறைக்கான தண்ணீர் மேலேயே செலவாகி என் கடைமடைக்கு வந்திருக்காது. அதனால் எனக்கு அதில் நிம்மதிதான், ஒளிக்க என்ன இருக்கிறது. ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தால் நிம்மதி நிலைக்காது.

சண்டை போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போகவில்லை. இரண்டு பேரும் ஒத்துக்கொண்டு விவாகரத்து கேட்டார்கள். பிள்ளை யாரிடம் என்று பேச சமரசத்துக்கு உட்கார வைத்தார்கள். பிள்ளை அம்மாவிடம் வளரட்டும், அப்பா அழைத்துப் போய் வைத்துக்கொள்ள நாள் குறிக்கலாம் என்று பேச்சு வந்தது. ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார்கள். வைரக்கண்ணு எழுந்து, "வாய்க்கால் ஓடுறப்ப எனக்கு ஞாயித்துக்கெழமை கெடையாதுங்க. கரையிலதான் நிக்கணும். வாய்க்கால் மூடியிருக்கிற நாள்ல நான் சும்மாதான் இருப்பேன்" என்றானாம். எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டிருக்கிறது. சமரசம் பேசியவருக்குத் திருவையாறு பக்கம் நிலம். இரண்டு வக்கீல்களும் நெல் விற்ற காசில் படித்தவர்கள். எல்லாரும் தலையாட்டி எழுதிவிட்டார்கள்: நரியன் வாய்க்கால் மூடியிருக்கும் நாட்களில் குழந்தை தந்தையின் பொறுப்பிலும், திறந்திருக்கும் நாட்களில் தாயின் பொறுப்பிலும் இருக்க வேண்டியது.

இதைப் போல ஒரு தவறை நம்ம டெல்டாக்காரனைத் தவிர யாரால் செய்ய முடியும்? முறை வைத்து ஓடிய வருஷத்தில் உட்கார்ந்து எழுதியதால், வாய்க்கால் எப்போதும் ஒரு வாரம் ஓடி ஒரு வாரம் நிற்கும் என்றே அத்தனை பேரும் நினைத்துவிட்டார்கள்.

அது கோர்ட் உத்தரவாகி வருவதற்குள் அடுத்த ஜூன் வந்துவிட்டது. அதுவரை பேப்பர் இல்லாத மாதங்களில் பிள்ளை இங்கேயும் அங்கேயுமாக இருந்தது. வானதி ஒரு ஞாயிறு அனுப்புவாள், ஒரு புதன் அனுப்புவாள், கோடை விடுமுறையில் பத்து நாள் சேர்ந்தாற்போல் விட்டிருந்தாள். யாரும் கணக்குப் பார்க்கவில்லை. உத்தரவு கைக்கு வந்தது. வந்ததும் இரண்டு பேரும் அதைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்கள்.

அந்த வருஷம் மேட்டூர் நிரம்பி வழிந்தது. கர்நாடகத்தில் கொட்டிய மழைக்கு அணை தாங்கவில்லை. முறைப் பேச்சே இல்லை. ஜூனில் திறந்த வாய்க்கால் கரை தொட்டு ஓடிக்கொண்டே இருந்தது. குறுவை, சம்பா இரண்டும் செழிப்பு. எங்கள் கடைமடையில் தண்ணீரை வடிக்க வழி தேடினோம். அப்படி ஒரு சந்தோஷமான வருஷம் எனக்கு நினைவில்லை. ஆடியில் ஒருநாள் மதகைத் தாண்டிப் போகும்போதுதான் வைரக்கண்ணு தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்தேன்.

"பிரகதா வரலியாடா?" என்றேன்.

"வாய்க்கா ஓடுதேக்கா" என்றான்.

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் உள்ளே போய் உத்தரவை எடுத்து வந்து காட்டினான். செல்போன் நனையாமல் இருக்கப் போடும் கவரில் அதையும் போட்டு வைத்திருந்தான். படித்தேன். சிரிப்பு வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்ப இது மூடற வரைக்கும் புள்ளையப் பாக்க மாட்டியா?"

"மூடுவாங்க."

"எப்ப?"

அவன் வாய்க்காலைப் பார்த்தான்.

கார்த்திகையில் அடைமழைக்கு இரண்டு நாள் மூடச் சொல்லி உத்தரவு வந்தது. வந்து என்ன? அந்த இரண்டு நாளும் கரை உடைந்து, வைரக்கண்ணு இடுப்பளவு தண்ணீரில் மணல் மூட்டையோடு நின்றான். பூதலூர்ச் சாலையில் பஸ் ஓடவில்லை. மழை விட்டதும் மறுபடி திறந்துவிட்டார்கள்.

ஒன்று மட்டும் இருந்தது. பிரகதாவின் பள்ளிக்கூட வேன் காலையில் அந்த மதகுப் பாலத்தின் மேல்தான் போகும். வேன் வரும் நேரத்துக்கு அவன் ஷட்டர் பக்கம் ஏதோ வேலை இருப்பதுபோல் நிற்பான். பிள்ளை ஜன்னலில் கையை நீட்டி ஆட்டும். டிரைவர் நல்லவன், பாலத்தில் கொஞ்சம் மெதுவாகப் போவான். கூலிக்கு ஆள் அழைக்கப் போகும்போது இரண்டு மூன்று தடவை நான் அதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அவன்மேல் கோபம் வரும். பூதலூர் என்ன லண்டனிலா இருக்கிறது? டி.வி.எஸ்.ஸை எடுத்தால் கால் மணி நேரம். போய்க் கதவைத் தட்டினால் யார் என்ன செய்துவிடப் போகிறார்கள்?

என் நாத்தனார் மகன் ராஜ்குமார் வக்கீல். வைரக்கண்ணுவுக்கு ஆஜரானவனும் அவன்தான். அவன் வீட்டுக்கு வந்தபோது பிடித்து உட்கார வைத்துக் கேட்டேன். எனக்குத் தெரிய வேண்டியது நிறைய இருந்தது.

"ஏன்டா, புள்ள சட்டப்படி யாருக்குச் சொந்தம்?"

"சொந்தம்னு யாருக்கும் கெடையாது அத்த. காப்பாளர்னு சட்டத்துல மொதல்ல அப்பா பேருதான் வரும். ஆனா சின்னப் புள்ளைன்னா, அஞ்சு வயசு வரைக்கும் பொதுவா அம்மாகிட்டதான் குடுப்பாங்க. அதுக்கு மேலயும் அப்பாவா அம்மாவான்னு பாக்க மாட்டாங்க. புள்ளைக்கு எது நல்லதுன்னுதான் பாப்பாங்க."

"சரி, இவன் மாசா மாசம் புள்ளைக்குன்னு பணம் அனுப்பறானே. பாக்கவே வுடலன்னா அதை நிறுத்திடலாமா?"

"கூடாது. அது வேற, இது வேற. பணம் குடுக்கலன்னு புள்ளையக் காட்டாம இருக்கவும் முடியாது, புள்ளையக் காட்டலன்னு பணத்த நிறுத்தவும் முடியாது. பணம் அப்பனுக்கும் ஆத்தாளுக்கும் நடுவுல உள்ள கணக்கு இல்ல. அது புள்ளையோட சோறு."

அவன் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. "அப்ப இந்த உத்தரவு? இதை எழுதின மகாராசன் யாரு?" என்றேன்.

ராஜ்குமார் தலையைச் சொறிந்தான். "எல்லாரும் சேந்துதான் எழுதினோம். ஆனா இதுல ஒரு நல்லது இருக்கு அத்த. சொத்து வழக்கு மாதிரி இல்ல. புள்ள விஷயத்துல எந்த உத்தரவும் கடைசி உத்தரவு கெடையாது. நெலம மாறினா எப்ப வேணா போயி மாத்திக் கேக்கலாம். அவருகிட்ட நான் ஐப்பசியிலயே சொன்னேன். மனு போடலாம்னேன். 'இருக்கட்டும்ங்க'ன்னுட்டாரு."

ஏன் இருக்கட்டும் என்றான்? அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. பிள்ளைமேல் பாசம் இல்லாதவனா? இல்லாதவன் ஏன் தினம் காலையில் பாலத்தில் நிற்கிறான்?

பொங்கல் முடிந்த கையோடு விஷயம் தலைகீழாகத் திரும்பியது. மனு போட்டது வானதி. ஜனவரி கடைசியில் மேட்டூரை மூடுவார்கள். பிறகு ஜூன் வரை திறக்க மாட்டார்கள். அந்தப் பேப்பரை வைத்துப் பார்த்தால், அத்தனை மாதமும் பிள்ளை அப்பாவிடம்தான் இருக்க வேண்டும். பள்ளிக்கூடம், பரீட்சை, காய்ச்சல், தலைவலி எல்லாம் சேர்த்து. இ-சேவை மையத்தில் யாரோ மேட்டூர் மூடும் தேதியைப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் வானதிக்கு அது உறைத்திருக்கிறது. பாதி வேலையில் எழுந்து வக்கீல் வீட்டுக்கு ஓடினாளாம். புருஷனாக இருந்தவனின் குணம் அவளுக்குத் தெரியாதா? உத்தரவில் இருந்தால் ஒரு நாள் குறையாமல் நிறைவேற்றுவான் என்று நடுங்கிப்போயிருக்கிறாள்.

இந்தத் தடவை ராஜ்குமார் உற்சாகமாக இருந்தான். "உத்தரவு நம்ம பக்கம் இருக்கு. ஏழு மாசமா புள்ளைய அனுப்பல, அதையும் சொல்லலாம்" என்றான். நானும் ஏற்றிவிட்டேன். "எடுத்துக்கடா. ஒன்ன எவ்வளவு நாள் காய வெச்சாங்க" என்றேன். வைரக்கண்ணு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். எடுத்துக்கொள்கிறேன் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவன் மனதில் என்ன ஓடுகிறது என்று தெரியாமல் எனக்குத்தான் தலை வெடித்துவிடும்போல் இருந்தது.

விசாரணைக்கு நானும் கிளம்பிவிட்டேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. சம்பா அறுப்புக்கு மிஷின் வர இன்னும் நாள் இருந்தது, போனேன். பஸ்ஸில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து நேராகவே கேட்டேன்.

"வைரக்கண்ணு, இன்னைக்காவது சொல்லு. ஏழு மாசத்துல ஒரு தடவ போயி வானதிகிட்ட, புள்ளையக் காட்டுன்னு கேட்டியா?"

"இல்லக்கா."

"ஏன்? உத்தரவுல இல்லன்னா?"

முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஜன்னலுக்கு வெளியே கதிர் முற்றிய வயல்கள் போய்க்கொண்டிருந்தன.

"அவங்க அப்பா எங்கிட்ட வந்து கேட்டாருக்கா. கையெடுத்துக் கும்புட்டுக் கேட்டாரு. அவ கேட்டா. நீங்க கேட்டீங்க. இத்தன வருஷமா எத்தன பேரு கேட்டிருப்பாங்க. யாருக்காச்சும் குடுத்திருக்கேனா? யாருக்கும் குடுக்காதவன், எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுப் போயிக் கேக்கறது?"

இத்தனை நாள் நான் இவனை மரக்கட்டை என்றும் உத்தரவுப் பைத்தியம் என்றும் நினைத்திருந்தேன். அவன் தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு ஏழு மாதம் அதற்குள் உட்கார்ந்திருந்திருக்கிறான். ஊருக்கு ஒரு நியாயம், தனக்கு ஒரு நியாயம் என்று இல்லாமல் இருப்பது நல்லதுதான். ஆனால் இப்படியுமா? நான் அவனைத் திட்டவில்லை. என் பையிலிருந்த வேர்க்கடலையைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான், ஆனால் சாப்பிடவில்லை.

கோர்ட்டில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். யாரும் விரட்டவில்லை. இப்போது வந்திருக்கும் நீதிபதி அம்மாவுக்குச் சொந்த ஊர் நீலகிரிப் பக்கம். பழைய உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு தடவை படித்தார். பிறகு நிமிர்ந்து, "வாய்க்கால் மூடியிருக்கும் நாட்கள்னா என்ன? யார் மூடுவாங்க? குழந்தைக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார்.

ஹாலில் இருந்த எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வாய்க்கால் மூடுவது என்றால் என்ன என்று கேட்கும் மனுஷியை அவர்கள் அன்றுதான் பார்க்கிறார்கள். ராஜ்குமார் மேட்டூரில் ஆரம்பித்து, கல்லணைக்கு வந்து, முறைக்கு வந்து சேர்வதற்குள் வியர்த்துவிட்டான். வானதியின் வக்கீல் இடையிடையே திருத்தம் சொன்னார். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார்.

"அப்போ நல்லா மழை பெய்ஞ்சா இந்தக் குழந்தைக்கு அப்பா கிடையாது. வாய்க்கால் காய்ஞ்சா அம்மா கிடையாது. அப்படித்தானே?"

இரண்டு வக்கீல்களும் குனிந்து காகிதக் கட்டைப் பார்த்தார்கள். பேச என்ன இருக்கிறது?

அவர் வைரக்கண்ணுவைப் பார்த்தார். "உத்தரவு உங்களுக்குச் சாதகமா இருக்கு. ஜூன் வரைக்கும் பிள்ளை உங்ககிட்ட இருக்கணும்னு கேக்கறீங்களா?"

நான் பெஞ்சின் விளிம்புக்கு வந்துவிட்டேன். வானதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் பிரகதா, பள்ளிக்கூட யூனிபாரத்தோடு, காலை ஆட்டியபடி.

"வேணாம்ங்க" என்றான் வைரக்கண்ணு. "பரீச்ச வருதுங்க. அங்கேயே இருக்கட்டும்ங்க. அவங்க அம்மாதான் பாடம் சொல்லிக் குடுப்பாங்க. எனக்கு அதெல்லாம் வராதுங்க."

ராஜ்குமார் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். அவன் திரும்பவில்லை.

"அப்புறம் ஏன் இத்தனை மாசமா பிள்ளையைப் பாக்கணும்னு நீங்க கேக்கலை?"

"உத்தரவுல இல்லைங்களே."

பஸ்ஸில் என்னிடம் சொன்னதை அங்கே சொல்லவில்லை. நான் எழுந்து சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அடக்கிக்கொண்டேன்.

நீதிபதி வானதியின் பக்கம் திரும்பினார். "நீங்க தடுத்தீங்களா?"

"இல்லைங்க மேடம்." வானதி எழுந்து நின்றாள். "ஒரே ஒரு தடவ கேட்டிருந்தா அனுப்பியிருப்பேன். கேப்பாரு, கேப்பாருன்னு பாத்தேன். புள்ள ராத்திரி படுக்கறப்ப, வாய்க்கா எப்பம்மா மூடுவாங்கன்னு கேக்கும். இவரு மட்டும் கேக்கவே இல்ல."

வைரக்கண்ணு அவளைப் பார்த்தான். விவாகரத்து ஆன பிறகு அவன் அவளை நேருக்கு நேர் பார்த்ததை நான் அன்றுதான் கண்டேன்.

நீதிபதி பிரகதாவை மட்டும் உள்ளே அழைத்துப் போய்க் கொஞ்ச நேரம் பேசினார். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிள்ளையிடம் மிட்டாய் கொடுத்தெல்லாம் கேட்டுப் பார்த்துவிட்டேன். மிட்டாயை வாங்கிக்கொள்கிறது, வாயைத் திறக்க மாட்டேன் என்கிறது.

திரும்பி வந்து நீதிபதி சொன்னார். "அப்பாவும் அம்மாவும் ஒத்துக்கிட்டாங்கங்கிறதுக்காக எல்லாத்தையும் கோர்ட் ஏத்துக்க முடியாது. பிள்ளைக்கு எது நல்லதுன்னு பாக்கணும். இனிமே சனி, ஞாயிறு அப்பாகிட்ட. லீவுல பாதிப் பாதி. எந்த நாளும் போன்ல பேசலாம். அவருக்குக் கரையில வேலைன்னா வேற நாள் மாத்திக்கலாம். ஆனா அதை நீங்க ரெண்டு பேரும் பேசித்தான் மாத்திக்கணும். பேசிக்குவீங்களா?"

இரண்டு பேரும் தலையை ஆட்டினார்கள். உத்தரவு எழுத்தில் அடுத்த வாரம் வரும் என்றார்கள். அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வெளியே வேப்ப மரத்தடியில் வந்து நின்றோம். ராஜ்குமாருக்குக் கோபம். கையில் இருந்ததைத் தூக்கிக் கொடுத்துவிட்டான் என்று முனகிக்கொண்டே வேறு வழக்குக்குப் போனான். வானதி ஆட்டோ பார்த்துக்கொண்டிருந்தாள். பிரகதா அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றது. பக்கத்தில் போகலாமா கூடாதா என்று அதற்குத் தெரியவில்லை. அது ஒரு புதன்கிழமை. பழைய உத்தரவுப்படி வாய்க்கால் ஓடிக்கொண்டிருக்கிறது. புதிய உத்தரவுப்படியும் சனிக்கிழமை இல்லை. எந்தப் பேப்பரிலும் அன்று அவனுக்கு நாள் இல்லை.

வைரக்கண்ணு நாலு எட்டு நடந்து வானதியிடம் போனான். போய் நின்று, செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வானதி" என்றான். "புள்ளைய... பெரிய கோயிலுக்கு அழைச்சிட்டுப் போயிட்டு, இருட்டறதுக்குள்ள கொண்டாந்து வுட்டுடறேன். அனுப்பறியா?"

வானதி திரும்பிப் பார்த்தாள். "இன்னைக்குப் பொதங்கெழம" என்றாள். அவளை அறியாமல் வந்துவிட்ட வார்த்தை அது என்று நினைக்கிறேன்.

"தெரியும். உத்தரவுல இல்ல. ஒன்னத்தான் கேக்கறேன்."

வானதி பிரகதாவின் தோளைப் பிடித்து மெல்ல அவன் பக்கம் நகர்த்தினாள். "காலையில ஒன்னும் சாப்புடாம வந்துட்டா. மொதல்ல எதாச்சும் வாங்கிக் குடுங்க" என்றாள்.

பிள்ளை அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஏழு மாதக் கதையையும் ஒரே மூச்சில் சொல்ல ஆரம்பித்தது. இரண்டு பேரும் கேட்டைத் தாண்டி, சாலையைக் கடந்து, கூட்டத்தில் மறைந்தார்கள். ஆட்டோக்காரர் ஏறுகிறார்களா இல்லையா என்று கேட்டுக்கொண்டிருந்தார். வானதி அவரைப் போகச் சொல்லிவிட்டு வேப்ப மரத்தைச் சுற்றிக் கட்டிய சிமெண்ட் மேடையில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன்.

"அக்கா" என்றாள். "கல்யாணம் ஆனதுலேருந்து காப்பி கூட குடுன்னு கேக்க மாட்டாருக்கா. நானா வெச்சாத்தான் குடிப்பாரு. எங்கிட்ட ஒன்னு வேணும்னு அவரு வாயத் தொறந்து கேட்டது இன்னைக்குத்தான்."

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கேட்பதற்கு என்னிடம் எதுவும் மிச்சமில்லை. அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு நானும் அழுதேன்.